ஏரியில் நீர்ச்செடிகள் மீள்வதைத் தொலை உணர்தல் மூலம் கண்காணிக்கும் முறை

பழைய செங்கற்பட்டு மாவட்டத்திற்கு 'ஏரி மாவட்டம்' என்ற பெயர் உண்டு. வற்றாத பேராறுகள் இல்லாத இப்பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி வைத்துத் தை, மாசி வரை பயிர் செய்வதற்கு ஏரிகளே ஆதாரமாக விளங்கின. தாம்பரத்திற்கு அருகே உள்ள மாடம்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், வேங்கைவாசல் ஆகிய ஊர்களின் ஏரிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் மாடம்பாக்கம் ஏரி பாசனத்திற்கு மட்டுமின்றி, ஏரிக்குள் அமைந்த கிணறுகளின் மூலம் குடிநீருக்கும் பயன்பட்ட பெரிய ஏரியாகும். மாடம்பாக்கம் பேரூராட்சி 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. ஆயக்கட்டு நிலங்கள் பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டன. வயலுக்குத் தண்ணீர் விட்ட ஏரிகளுக்கு இன்று வீடுகளின் கழிவுநீர் வந்து சேருகிறது.

கழிவுநீர் சேரும் ஏரியில் முதலில் மாறுவது அதன் செடிகளே. பின்னர் ஏரியைச் சீர்செய்யும்போதும், அது உண்மையில் நலம் பெற்றதா என்பதைச் செடிகளே தெரிவிக்கின்றன. நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்புள்ள ஏரியைக் கரையில் நின்று பார்த்துக் கணக்கிட இயலாது. இதற்குச் செயற்கைக்கோள் படங்கள் பெரிதும் உதவுகின்றன. இப்படங்களைப் படிக்கும் முறையும், அதில் நேரக்கூடிய தவறுகளும், உழவர்கள் இதில் ஆற்ற வேண்டிய பங்கும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

நீர்ச்செடிகளின் வகைகள்

ஏரியில் வளரும் செடிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. கரையோரச் செடிகள்: கோரை, சம்பு, நாணல் போன்றவை. இவை ஆழம் குறைந்த ஓரங்களில் வேரூன்றி நீருக்கு மேல் நிமிர்ந்து வளரும். அலை மோதிக் கரை அரிபடாமல் காக்கும். பறவைகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் மறைவிடமாகும்.

2. இலை மிதப்பனவும் முழுதும் மிதப்பனவும்: அல்லி, தாமரை, கொட்டி ஆகியவை அடிமண்ணில் வேரூன்றி இலையை மட்டும் நீர்ப்பரப்பில் விரிப்பவை. வெங்காயத்தாமரை என்னும் ஆகாயத்தாமரையோ மண்ணைத் தொடாமலேயே மிதந்து வாழும். இது தென் அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டிற்கு வந்த களை.

3. நீர்மூழ்கிச் செடிகள்: வேலம்பாசி போன்றவை. இவை முழுவதும் நீருக்குள்ளேயே வாழும். கண்ணுக்கு எளிதில் தெரியாவிட்டாலும் ஏரியின் நலத்திற்கு இவையே முதன்மையானவை.

ஏரி கெடுவதும் மீள்வதும்

நீர்மூழ்கிச் செடிகள் வண்டலைத் தம் வேர்களால் பிடித்து வைக்கின்றன. நீரில் கரைந்துள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. பாசியை உண்ணும் சிறு நீர்ப்பூச்சிகள் இவற்றின் இலைகளுக்கிடையே மீன்களிடமிருந்து ஒளிந்து வாழ்கின்றன. ஆதலால் நீர் தெளிவாக இருக்கிறது. நீர் தெளிவாக இருப்பதால் வெயில் அடிமண் வரை சென்று செடிகளை வளர்க்கிறது. ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் இந்நிலையே நலமுள்ள ஏரியின் நிலை.

கழிவுநீர் தொடர்ந்து சேர்ந்தால் நுண்பாசி பெருகி நீர் பச்சைக் குழம்பாகிறது. அல்லது வெங்காயத்தாமரை பாய் விரித்தாற்போல் மூடிக்கொள்கிறது. எவ்வாறாயினும் வெயில் அடிமண்ணை எட்டுவதில்லை. நீர்மூழ்கிச் செடிகள் மடிகின்றன. பிடிப்பு இழந்த வண்டல் காற்றில் கலங்குகிறது. இரவில் நீரிலுள்ள உயிர்வளி குறைந்து, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. இதுவும் தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும் நிலையே. ஆகவேதான், ஒருமுறை கெட்ட ஏரி, கழிவுநீரைச் சிறிது குறைத்த உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஏரியின் அடிவண்டலில் பல நீர்ச்செடிகளின் விதைகளும் கிழங்குகளும் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். கழிவுநீர் நின்று, நீர் தெளிந்து, வெயில் அடிமண்ணைத் தொட்டால் அவை முளைக்கும். வெங்காயத்தாமரையின் விதையும் அதே வண்டலில் காத்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. இரண்டில் எது முந்துகிறது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவதுதான் கண்காணிப்பின் நோக்கம்.

தொலை உணர்தல் என்றால் என்ன?

ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளந்து அதன் தன்மையை அறிவதே தொலை உணர்தல். நெல் வயலின் நிறத்தைத் தொலைவிலிருந்தே பார்த்து 'பயிர் வெளுத்திருக்கிறது' என்று உழவர் சொல்வதும் இதே முறைதான். கருவியோ நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்துப் பார்க்கிறது.

இந்தியாவில் இத்துறை தொடங்கியதே ஒரு பயிர் நோயை ஆராய்வதற்காக என்பது உழவர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. 1970ஆம் ஆண்டை ஒட்டி, கேரளத்தில் தென்னை வேர் வாடல் நோயைக் கண்டறிய, அறிஞர் பிஷரோட்டி தலைமையில் வானிலிருந்து அகச்சிவப்புப் படங்கள் எடுக்கப்பட்டன. நோயுற்ற மரங்கள் இப்படங்களில் வேறுபட்டுத் தெரிந்தன.

நலமுள்ள இலை சிவப்பு ஒளியை உணவு தயாரிக்க எடுத்துக்கொள்கிறது. அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. தெளிந்த நீரோ அகச்சிவப்பு ஒளியை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடுகிறது. எனவே அகச்சிவப்புப் படத்தில் நீர் கருமையாகவும், நீரின் மேலுள்ள செடி பளிச்சென்றும் தெரியும்.

எந்தப் படத்தில் எவ்வளவு தெரியும்?

செயற்கைக்கோள் படம் சிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்திற்குள் இருப்பவை அனைத்தும் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். கட்டத்தின் அளவைச் சென்ட் கணக்கில் பார்த்தால் எளிதில் விளங்கும்.

* 1972இல் அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட்-1: ஒரு கட்டம் 80 மீட்டர்; ஏறத்தாழ 158 சென்ட்.
* 1988இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ: சிறந்த கருவியில் 36.25 மீட்டர், ஏறத்தாழ 32 சென்ட்.
* லேண்ட்சாட்-8 (2013), லேண்ட்சாட்-9 (2021): 30 மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட்.
* இந்தியாவின் ரிசோர்ஸ்சாட்-2 (2011), 2ஏ (2016): ஒரு கருவியில் 23.5 மீட்டர், அதாவது ஏறத்தாழ 14 சென்ட். மற்றொன்றில் 5.8 மீட்டர், அதாவது ஒரு சென்ட்டுக்கும் குறைவு.
* 2015 முதல் ஏவப்பட்டுவரும் ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசை: 10 மீட்டர், ஏறத்தாழ 2½ சென்ட்.

சென்டினல்-2 படங்கள் 5 நாட்களுக்கு ஒருமுறை எடுக்கப்பட்டு, இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. இக்கணக்கில் ஓர் ஏக்கருக்கு 40 கட்டங்கள். நூறு ஏக்கர் ஏரிக்கு 4,000 கட்டங்களுக்கு மேல். லேண்ட்சாட் படங்கள் சற்றுப் பருமனாயினும் பல ஆண்டுகளுக்கு முந்தைய நிலையை அறிய அவையே துணை.

பச்சைக் கணக்கு

படத்திலிருந்து செடியைப் பிரித்தறிய ஒரு குறியீடு பயன்படுகிறது. அகச்சிவப்பு ஒளியிலிருந்து சிவப்பு ஒளியைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை −1 முதல் +1 வரை இருக்கும். விளக்கத்திற்காக மூன்று மாதிரிக் கணக்குகள் கீழே தரப்படுகின்றன.

தெளிந்த நீர்: சிவப்பு 4, அகச்சிவப்பு 2 எனில், (2−4) ÷ (2+4) = −0.33.

வெங்காயத்தாமரை மூடிய இடம்: சிவப்பு 4, அகச்சிவப்பு 40 எனில், (40−4) ÷ (40+4) = 0.82.

நீர்ப்பரப்பை ஒட்டி வேலம்பாசி உள்ள இடம்: சிவப்பு 3, அகச்சிவப்பு 4 எனில், (4−3) ÷ (4+3) = 0.14.

இக்கணக்கில் ஒரு பெரிய எச்சரிக்கை அடங்கியுள்ளது. ஏரிக்குத் தீங்கு செய்யும் வெங்காயத்தாமரைதான் மிக அதிக மதிப்பைப் பெறுகிறது. ஏரிக்கு நன்மை செய்யும் நீர்மூழ்கிச் செடியோ மிகக் குறைந்த மதிப்பே பெறுகிறது. அரை மீட்டர் ஆழத்திற்குக் கீழே இருந்தால் அது அகச்சிவப்பில் அறவே தெரியாது. வயலில் குறியீடு உயர்ந்தால் மகிழலாம். ஏரியில் உயர்ந்தால் ஏன் உயர்ந்தது என்று கேட்க வேண்டும். 'பச்சை கூடிவிட்டது, ஏரி மீண்டுவிட்டது' என்று முடிவு கட்டுவது, களை மண்டிய வயலைப் பார்த்து விளைச்சல் நன்று என்பதற்கு ஒப்பாகும்.

மாடம்பாக்கம் ஏரியைப் படத்தில் படிக்கும் முறை

தாம்பரம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகமூட்டத்தால் தெளிவான படம் கிடைப்பது அரிது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது போன்ற வேளைகளில், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்களே நீர்ப்பரப்பைக் காட்ட வல்லவை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் இவ்வகையைச் சேர்ந்தது.

ஜனவரி முதல் மார்ச் வரை ஏரியில் நீரும் இருக்கும். வானமும் தெளிவாக இருக்கும். செடிகளைக் கணக்கிட இதுவே ஏற்ற காலம். ஆண்டுதோறும் ஒரே மாதத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஓராண்டின் பிப்ரவரியை மற்றோர் ஆண்டின் ஜூனுடன் ஒப்பிடுவது, நாற்றங்காலை அறுவடை வயலுடன் ஒப்பிடுவது போலாகும்.

ஏப்ரலுக்குப் பின் நீர் வற்றும்போது ஏரியின் உள்வாயில் புல்லும், நெய்வேலிக் காட்டாமணக்கும், சீமைக்கருவேலும் தழைக்கும். படத்தில் இவையும் பச்சையே. எனவே முதலில் நீர் நிறைந்த பரப்பை வரையறுத்துக்கொண்டு, அதற்குள் உள்ள பச்சையை மட்டுமே நீர்ச்செடியாகக் கொள்ள வேண்டும்.

வெங்காயத்தாமரையையும் வேரூன்றிய செடிகளையும் பிரித்தறியக் கீழ்க்கண்ட அடையாளங்கள் உதவும்.

1. இடம் பெயர்தல்: வெங்காயத்தாமரை காற்றடிக்கும் திசையில் ஒதுங்கும். அடுத்தடுத்த இரு படங்களில் பச்சைத் திட்டு இடம் மாறியிருந்தால் அது மிதவைக் களை. கோரையும் அல்லியும் இடம் மாறா.

2. தொடங்கும் இடம்: வேரூன்றிய செடிகள் ஆழம் குறைந்த ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும். கழிவுநீர் வாய்க்கால் சேரும் முகத்தில் தொடங்கி விசிறி போல் விரியும் பச்சை பெரும்பாலும் வெங்காயத்தாமரையே. இது கழிவுநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

3. வேகம்: சத்து மிகுந்த நீரில் வெங்காயத்தாமரை இரண்டு வாரங்களில் இரு மடங்காகக்கூடும். வேரூன்றிய செடிகள் இத்தனை வேகமாகப் பரவுவதில்லை.

இவ்வேகத்தின் பொருள் என்ன என்பதை உழவர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இன்று ஓர் ஏக்கர் மூடியுள்ள களை, தடையின்றி வளர்ந்தால் பத்து வாரங்களில் 32 ஏக்கராகும். அடர்ந்து மூடிய ஓர் எக்டரில் 200 டன்னுக்கு மேற்பட்ட பச்சைச் செடி இருக்கக்கூடும். அதாவது, ஓர் ஏக்கராக இருக்கும்போது 80 டன் அகற்றினால் போதும். 32 ஏக்கரான பின் 2,500 டன்னுக்கு மேல் அகற்ற வேண்டும். 5 நாட்களுக்கு ஒருமுறை வரும் படம் இந்த முதல் ஏக்கரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சில்கா ஏரி தரும் பாடம்

நம் நாட்டிலேயே இம்முறை பயன்பட்டதற்கு ஒடிசாவின் சில்கா ஏரி சிறந்த சான்று. கடலுடன் இணைந்த இந்த உவர்நீர் ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தது. உப்புத்தன்மை குறையவே நன்னீர்க் களைகள் பரவின. மீன் வளம் குன்றியது. 1993இல் இது, நலம் கெட்டுவரும் ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. அதன்பின் களைகள் சுருங்கியதையும், ஏரிக்கு உரிய கடற்புற்கள் பரவியதையும் செயற்கைக்கோள் படங்களும் களஆய்வுகளும் சேர்ந்து எடுத்துக்காட்டின. 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து சில்கா நீக்கப்பட்டது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. களையை வாரியதால் மட்டும் சில்கா மீளவில்லை. களைக்குக் காரணமான நீரின் தன்மையை மாற்றிய பின்னரே மீண்டது. நம் ஏரிகளுக்குக் கழிவுநீரைத் தடுப்பதே அந்த முகத்துவாரம்.

மாடம்பாக்கத்திற்கு அருகிலுள்ள செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை இணைந்து சீரமைப்புப் பணியில் ஈடுபட்டன. இவ்வேரியின் நீர் கீழுள்ள ஏரிகளின் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. மேல் ஏரியில் விட்ட களையும் கழிவும் கீழ் ஏரிக்குச் செல்லும். ஆதலால் ஓர் ஏரியை மட்டும் பார்க்காமல், சங்கிலி முழுவதையும் ஒரே படத்தில் பார்ப்பது நன்று.

நாடு முழுவதற்குமான முயற்சியாக, அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2006-07ஆம் ஆண்டுப் படங்களைக் கொண்டு ஈரநிலங்களின் வரைபடத் தொகுப்பைத் தயாரித்து 2011இல் வெளியிட்டது. இதில் நீர்ப்பரப்பு, நீர்ச்செடி, கலங்கல் தன்மை ஆகியவை மழைக்கு முன்னும் பின்னும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. நம் ஏரியின் பழைய நிலையை அறிய இது ஒரு தொடக்கப் புள்ளி.

உழவர்கள் செய்ய வேண்டியவை

வானிலிருந்து எடுத்த படம் எவ்வளவு நுட்பமானதாயினும், தரையில் உள்ளவர் உறுதி செய்யாதவரை அது பாதிச் செய்தியே. கீழ்க்கண்ட எளிய பணிகளை ஏரிப் பாசனச் சங்கத்தினரும் மீனவர்களும் சேர்ந்து செய்யலாம்.

1. ஏரிக் குறிப்பேடு: மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் முகம் எனக் கரையில் ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, சென்டினல் கடக்கும் நேரமாகிய காலை 10½ மணி அளவில், அங்கங்கே தெரியும் செடியின் பெயர், கரையிலிருந்து எத்தனை மீட்டர் பரவியுள்ளது, நீரின் நிறம் ஆகியவற்றை எழுதி வர வேண்டும்.

2. தெளிவு காணும் தட்டு: 1865இல் இத்தாலிய அறிஞர் செக்கி கையாண்ட எளிய முறை இது. 20 செ.மீ. விட்டமுள்ள தகரத் தட்டை நான்கு பாகமாக்கி, மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் பூச வேண்டும். நடுவில் கயிறு கட்டி, அடியில் எடை சேர்த்துப் படகிலிருந்து நீரில் இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தைக் கயிற்றில் அளக்கவும். அவ்வாழத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை நீர்மூழ்கிச் செடிகள் வளர வாய்ப்புண்டு. படத்தில் தெரியாததை இத்தட்டு தெரிவிக்கும். கழிவுநீர் கலந்த ஏரியில் இறங்கி அளப்பதைத் தவிர்க்கவும். படகில் தனியே செல்ல வேண்டாம்.

3. தூர் வாரும்போது கவனம்: ஏரி முழுவதையும் ஒரே ஆழத்திற்குக் கிண்ணம் போல் வெட்டினால் கோரைக்கும் அல்லிக்கும் இடமிராது. விதை பொதிந்த மேல்வண்டலும் முழுவதும் போய்விடும். ஓரங்களில் சரிவையும், ஒரு பகுதியில் பழைய அடிமண்ணையும் விட்டுவைக்கும்படி பொறியாளர்களிடம் கேட்க வேண்டும். வண்டலை வயலுக்கு எடுக்க வட்டாட்சியர் அலுவலக அனுமதி பெற வேண்டும்.

4. மீன் விடுவதில் அளவு: புல்கெண்டை வேலம்பாசியை விரும்பி உண்ணும், வெங்காயத்தாமரையைக் கட்டுப்படுத்தாது. சாதாக்கெண்டை அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கும். மீளத் தொடங்கியுள்ள ஏரியில் இவ்விரண்டையும் மிகுதியாக விட்டால், முளைத்த செடிகள் தலையெடுக்கா.

5. அகற்றிய களை: வெங்காயத்தாமரையைப் பூத்து விதை பிடிக்கும் முன் அகற்ற வேண்டும். கரையிலேயே குவித்தால் மழையில் மீண்டும் ஏரிக்கே திரும்பும். அதன் எடையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீரே; வாடவிட்டு எடுத்துச் சென்றால் வண்டிக்கூலி குறையும். கழிவுநீர் ஏரியில் வளர்ந்த செடியில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் சேர்ந்திருக்கக்கூடும். அத்தகைய செடியின் கம்போஸ்டைக் கீரை, காய்கறிக்கு இடலாகாது. கால்நடைக்கும் தீவனமாகக் கொடுக்கலாகாது.

6. படத்தைக் காண: ஐதராபாத் தேசியத் தொலை உணர்வு மையத்தின் 'புவன்' இணையதளம் 2009 முதல் இயங்கி வருகிறது. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் தளத்தில் சென்டினல் படங்களைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். மேற்கூறிய பச்சைக் குறியீடும் ஆயத்தமாகவே கிடைக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் துணையுடன் வீட்டிலிருந்தே இதைச் செய்யலாம்.

மீட்சிக்கு அடையாளம் எது?

மூன்று ஆண்டுகளின் பிப்ரவரிப் படங்களையும் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மிதவைக் களையின் பரப்பு குறைந்து, கரையோரப் பச்சை ஒரே இடத்தில் நிலைத்து, தட்டு மறையும் ஆழம் ஆண்டுக்காண்டு கூடியிருந்தால் ஏரி மீள்கிறது எனக் கொள்ளலாம். இம்மூன்றில் முதலாவது மட்டும் நிகழ்ந்திருந்தால் களை வாரப்பட்டது என்பதே பொருள். ஏரி மீண்டதாகப் பொருளல்ல. கழிவுநீர் வாய் திறந்தே இருக்குமாயின் அடுத்த பத்து வாரங்களில் செலவிட்ட பணம் வீணாகும்.

ஏரிச் சீரமைப்புக்குப் பணம் ஒதுக்கும் கூட்டங்களில் உழவர் சொல் எடுபட வேண்டுமானால், தேதியிட்ட படமும் தேதியிட்ட குறிப்பும் கையில் இருக்க வேண்டும். 'முன்பெல்லாம் இந்த ஏரி இப்படியில்லை' என்று சொல்வதைவிட, 'இந்தக் கால்வாய் முகத்தில் ஜனவரியில் ஓர் ஏக்கர், மார்ச்சில் 16 ஏக்கர்' என்று காட்டுவது வலிமை மிக்கது. எனவே உழவர் பெருமக்கள் தத்தம் ஊர் ஏரிக்கு இவ்வாண்டே ஒரு குறிப்பேடு தொடங்கி, வரும் தை மாதத்துப் படத்தை முதல் ஏட்டில் ஒட்டி வைத்துப் பயன் பெறுவார்களாக.